தண்ணீர் குடிக்கப் போனவர் கையில் மிக்சர்

சமையலறைக்கு வரைபடம் போட உட்காரும்போது எல்லா வீட்டாரிடமும் நான் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் நேரான பதில் வராது. மாதம் எத்தனை கிலோ அரிசி, மாவு வீட்டில் அரைப்பதா கடையில் வாங்குவதா, கிரைண்டர் மேடைமேலா கீழேயா என்பதற்கெல்லாம் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். "நொறுக்குத்தீனி எங்கே வைப்பீர்கள்?" என்றால் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "நாங்கள் அதெல்லாம் அதிகம் வாங்குவதில்லைங்க" என்பார்கள். பழைய வீட்டைக் காலி செய்யும் நாளில் போய் நின்றால் கதை வேறாக இருக்கும். ஃப்ரிட்ஜ் தலைமேல் கிளிப் போட்ட மிக்சர் பாக்கெட், மைக்ரோவேவுக்குப் பின்னால் முறுக்கு, டிவி மேசை இழுப்பறையில் ரிமோட்டோடு சேர்ந்து அரை பாக்கெட் பிஸ்கட், பையனின் கட்டிலுக்கடியில் சிப்ஸ் உறைகள்.

கோவையில் மாடுலர் கிச்சன் செய்துகொடுப்பது என் தொழில். பிளைவுட், மைக்கா, கீல், டிராயர் சேனல் என்று நாள் ஓடினாலும் நான் அளப்பது முக்கியமாக மனிதர்களின் கையைத்தான். மேடை 33 அங்குலமா 34 அங்குலமா என்பது அந்த வீட்டில் அதிகம் சமைப்பவரின் முழங்கையைப் பொறுத்தது. மேடைக்கு மேலே 2 அடி விட்டு மேல் அலமாரி தொடங்கும். 5 அடி 2 அங்குலம் இருக்கும் ஒருவர் நுனிக்காலில் நிற்காமல் எட்டக்கூடியது ஆறேகால் அடி வரைதான். அதற்கு மேலே உள்ள தட்டு அவருக்கு இருந்தும் இல்லாத கணக்கு. ஐந்து வயதுக் குழந்தைக்கோ மேடை விளிம்பில் இருப்பதெல்லாம் சொந்தம். இந்த அளவுகளைப் பார்த்தாலே எந்தப் பண்டம் வெள்ளிக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை தீரும், எது சிக்கு வாடை அடித்துக் குப்பைக்குப் போகும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ருசிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ருசிக்கு நாம் கொடுக்கும் பெருமை கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். பலமுறை நாம் தின்பது, அது வழியில் இருந்தது என்பதற்காக.

இப்போது கட்டும் அடுக்குமாடி வீடுகளில் ஓர் அமைப்பு ஏறத்தாழ சட்டமாகவே ஆகிவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் சுத்திகரிப்பான், அதை ஒட்டி ஃப்ரிட்ஜ், அதை ஒட்டி ஆளுயர பேன்ட்ரி அலமாரி. தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் ஒரே சுவரில் முடிந்துவிடுவதால் கட்டுபவருக்குச் செலவு மிச்சம். பேன்ட்ரியில் இழுத்தால் வெளியே வரும் கம்பித் தட்டுகள். பருப்பும் புளியும் கீழ்த்தட்டுக்குப் போய்விடும், கண்மட்டத் தட்டு தீனிக்கு. அந்தச் சுத்திகரிப்பான் குழாயில் தண்ணீர் மெல்லத்தான் வரும். டம்ளர் நிறையும்வரை மனிதருக்கு ஒரு கை சும்மா இருக்கிறது. ஓர் அடி தூரத்தில் பேன்ட்ரியின் கைப்பிடி. மே மாதத்தில் எத்தனை முறை தண்ணீர் குடிப்பீர்களோ அத்தனை முறையும் இதே நாடகம் நடக்கும். "என்னவோ தெரியவில்லை அக்கா, வெயில் காலத்தில் இவருக்குப் பசி அதிகமாகிறது" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். அவருக்கு அதிகமானது தாகம்.

இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். கூகுள் நிறுவன அலுவலகத்தின் இடைவேளை அறை ஒன்றை வைத்து இதையே ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே பானம் எடுக்கும் இடம் இரண்டு. ஒன்றிலிருந்து தீனி மேடை ஆறரை அடி, மற்றதிலிருந்து பதினேழரை அடி. பக்கத்தில் இருந்த இடத்தில் பானம் எடுத்தவர்களே தீனியையும் அதிகமாக எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 11 அடி, ஒரு சாதாரண ஹாலின் அகலம். அதே நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில் எம் அண்ட் எம் மிட்டாயை உள்ளே தெரியாத ஜாடிக்கு மாற்றிவிட்டு, பிஸ்தாவும் உலர் அத்திப்பழமும் போன்றவற்றைக் கண்ணாடி ஜாடியில் எதிரில் வைத்தார்கள். ஏழு வாரத்தில் அங்கிருந்த 2,000 பேர் அந்த மிட்டாயிலிருந்து உண்ட கலோரி 31 லட்சம் குறைந்ததாக 2013இல் செய்தி வந்தது. 31 லட்சம் என்றால் மலைப்பாகத்தான் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் வேலை நாளொன்றுக்கு ஆளுக்கு 45 கலோரிகூட வரவில்லை, இரண்டு மேரி பிஸ்கட் கணக்கு. இருக்கட்டும். யாரையும் திட்டாமல், யாரிடமும் உறுதிமொழி வாங்காமல், ஜாடியை மட்டும் மாற்றி இரண்டு பிஸ்கட் மிச்சம் என்றால் அது நல்ல பேரம்தான்.

கேம்பிரிட்ஜில் 2018இல் வந்த ஆய்வு இன்னும் எளிமையானது. மிட்டாய்க் கிண்ணம் ஒருவரிடமிருந்து 20 சென்டிமீட்டரிலா 70 சென்டிமீட்டரிலா? தள்ளி வைத்தபோது எடுத்துத் தின்றவர்கள் குறைந்தார்கள். 70 சென்டிமீட்டர் என்றால் எழுந்திருக்கக்கூட வேண்டாம், கையை நீட்டிக் கொஞ்சம் குனிந்தால் போதும். அந்தக் குனிவே பலருக்குப் பாரமாக இருந்திருக்கிறது.

எங்கள் தொழிலில் விற்பனைக் கூட்டங்கள் நடக்கும். அங்கே பேசுபவர்கள் அமெரிக்க ஆய்வு ஒன்றைத் தவறாமல் எடுத்துப் போடுவார்கள். சமையல் மேடைமேல் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் பெட்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண்களின் எடை அதிகம், பழக் கிண்ணம் வைத்திருப்பவர்களின் எடை குறைவு, ஆகவே எங்கள் அலமாரியை வாங்குங்கள் என்று முடிப்பார்கள். அந்த ஆய்வைச் செய்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரயன் வான்சிங்க். 2018இல் அவர் ஆய்வு முறைகேடு செய்ததாக அந்தப் பல்கலைக்கழகமே கண்டறிந்து சொன்னது, அவர் பதவி விலகினார், அவருடைய கட்டுரைகள் பலவற்றை இதழ்கள் திரும்பப் பெற்றுக்கொண்டன. முறைகேட்டை விட்டுவிட்டாலும் எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. மேடைமேல் பழம் வைப்பவர் பழம் தின்பவராக இருப்பதால்தானே வைக்கிறார்? கிண்ணத்தை வாங்கி வைத்தால் எடை குறையும் என்று நான் எந்த வாடிக்கையாளரிடமும் சொல்வதில்லை. கிண்ணத்தில் மாதுளையை வைத்துப் பாருங்கள். தோல் சுருங்கும்வரை அங்கேயே இருக்கும், யாரும் உரிக்க மாட்டார்கள். கொய்யாவைக் கீறி மிளகாய்த்தூள் தூவி வைத்தால் பத்து நிமிடத்தில் தட்டு காலி.

உரிக்கும் வேலை என்றதும் கோபிசெட்டிபாளையம் பக்கம் இருந்த எங்கள் அமுச்சியின், அதாவது அம்மாவின் அம்மாவின், வீடு நினைவுக்கு வருகிறது. ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் கூடத்தின் மூலையில் நிலக்கடலை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கடலையையும் உடைத்தாக வேண்டும், தரையில் சேரும் தோல் எவ்வளவு தின்றாய் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கைப்பிடிக்கு மேல் யாரும் போனதாக எனக்கு நினைவில்லை. கச்சாயமும் முறுக்கும் வேறு சாதி. அவை சதுரத் தகர டின்னில், எங்கள் பக்கம் அட்டாலி என்று சொல்லும் பரண்மேல் இருக்கும். முக்காலி போட்டு ஏற வேண்டும். டின்னின் வட்ட மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும். திறக்கும்போது எழும் ஓசை திண்ணைவரை கேட்கும். இன்று நான் விற்கும் இழுப்பறைகள் சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொள்பவை. இரவு பதினொரு மணிக்குத் திறந்தாலும் பக்கத்து அறைக்குத் தெரியாது. அதற்குத்தான் கூடுதல் விலை.

அந்தக் காலத்து மனிதர்கள் விவரமாக வாழ்ந்தார்கள் என்று இதை வைத்து யாராவது வாட்ஸ்ஆப்பில் எழுதிவிடக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். அமுச்சி டின்னை உயரத்தில் வைத்தது எங்கள் உடல்நலத்துக்காக அல்ல, எலிக்காக. எலிக்குப் போட்ட வேலி எங்களையும் சேர்த்துத் தடுத்தது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அந்த உயரம் எல்லோருக்கும் ஒரே உயரமாக இருக்கவில்லை. அம்மாவின் அப்பாவான அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்து "ஏதாவது கொண்டா" என்று குரல் கொடுத்தால் போதும், அட்டாலி இறங்கி அவர் முன்னால் தட்டில் வந்துவிடும். முக்காலியில் ஏறியது, மூடியை நெம்பியது, திரும்ப ஏற்றி வைத்தது எல்லாம் அமுச்சி. அப்புச்சியைப் பொறுத்தவரை டின் எப்போதும் 20 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. எண்பது வயதுவரை அவருக்கு அந்த அட்டாலியின் உயரம் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இது மாறிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை கேட்கும் வீடுகளில் காரணம் கேட்டால் காற்றோட்டம், வெளிச்சம், பேசிக்கொண்டே சமைக்கலாம் என்பார்கள். வேலை முடிந்து சில மாதம் கழித்துக் கீல் சரிசெய்யப் போகும்போது நான் பார்ப்பது வேறு. சோபாவில் இருப்பவர் தலையைத் திருப்பினால் தீனித் தட்டு தெரிகிறது. தெரிவதால் கேட்கிறார். கேட்பவர் எழுந்திருப்பதில்லை. அங்கே சுவர் இருந்தவரை சமைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது. தூரத்தைக் கணக்கிடும் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்கு உறுத்தும். அவற்றில் எல்லோரும் தாங்களே எழுந்து போய் எடுக்கிறார்கள்.

தூரமும் மூடியும் மட்டுமல்ல, கையின் நிலையும் ஒரு தடை. எங்கள் ஆசாரிகள் வேலை நேரத்தில் எதையும் கொறிப்பதில்லை. மன உறுதி எல்லாம் இல்லை, விரல் முழுக்கப் பசையும் மரத்தூளும். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் கை கழுவி உட்கார்ந்தால் டீயும் போண்டாவும் ஒரு பிடி பிடிப்பார்கள். பிறகு அடுத்த கைகழுவல்வரை ஒன்றுமில்லை. வரைபடம் போடும் நாங்கள் இருக்கும் அறையிலோ கீபோர்டுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஏதாவது இருக்கும். புதுமனை புகுவிழா முடிந்த வீடுகளிலிருந்து வரும் லட்டுப் பெட்டிக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு மாலைப் பொழுதுதான் ஆயுள்.

எதை எங்கே வைப்பது என்பது இப்போது அரசாங்கங்களின் கவலையாகவும் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து பெரிய கடைகளில் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை நுழைவாயிலிலும், அலமாரி வரிசையின் முனையிலும், பணம் கட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது. கடைக்குள் வேறெங்கும் விற்கலாம். அலமாரிக்காரியான எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறையும் அத்தகைய பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்கிறது. 50 மீட்டர் ஒரு குழந்தைக்குப் பெரிய தூரமல்ல, கையில் பத்து ரூபாய் இருந்தால் அது தூரமே அல்ல. 2025இல் அரசு அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வைக்கச் சொன்னபோது சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை ஒட்டப்போகிறார்கள் என்று ஊரே பேசியது. அப்படி ஒட்டச் சொல்லவில்லை என்று அரசு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. பலகையைச் சுவரில் மாட்டிவிட்டுக் கூட்ட மேசை நடுவில் பிஸ்கட் தட்டை வைத்தால் எது வெல்லும் என்று எனக்குத் தெரியும்.

இனி, கோவை பீளமேட்டில் நான் சமையலறை செய்துகொடுத்த ஒரு வீட்டுப் பெரியவரின் கதை. மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை இருக்கிறது. மகள் வீட்டில் இருக்கிறார். புதுச் சமையலறைக்கு மகள் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று. தீனி எல்லாம் அப்பாவுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அதோடு மேல் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவும் உள்ளே விளக்கும் வேண்டும், படத்தில் பார்த்த மாதிரி. நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளே போனதும் சொன்னார்: "உயரத்தில் வை அம்மணி, வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடி மட்டும் போடாதே. தெரியவும் வேண்டும், எட்டவும் கூடாது என்றால் அது என்ன சமையலறையா, தண்டனையா?"

மகளிடம் இதைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் கண்ணாடியை விடவில்லை. பணம் கொடுப்பவர் அவர். மாட்டிவிட்டு வந்தோம்.

பெரியவர் என்னிடம் மில் கதையும் சொன்னார். இயந்திரம் ஓடும்போது வாயில் எதையும் போட முடியாதாம். பஞ்சு பறக்கும், கையைப் பிடுங்கவும் முடியாது. மணி அடித்தால் கேன்டீன், டீ, ஒரு வடை. மறுபடி மணி. முப்பது வருடத்துக்கு மேல் அவர் வயிற்றுக்கு அந்த மணிதான் கடிகாரம். ஓய்வு பெற்ற பிறகு மணியும் இல்லை, பஞ்சும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஹாலில், நேர் எதிரே சமையலறை. "நான் தீனிப் பண்டாரம் ஆனது அறுபதுக்கு மேல்தான்" என்றார்.

புதுச் சமையலறை வந்ததும் அவர் சாயங்கால நடையைத் தொடங்கினார். மகளுக்கு மகிழ்ச்சி. நடை எங்கே முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் டீக்கடை இருக்கும் இடத்தில் கோவையில் பேக்கரி இருக்கும், ஏறத்தாழ ஒவ்வொரு தெருமுனையிலும். அதன் உள்ளமைப்பை நான் தொழில்முறைப் பொறாமையோடு பார்ப்பதுண்டு. டீ மாஸ்டர் ஓரத்தில் இருப்பார். அவரிடம் போக, பஃப்ஸும் தேங்காய் பன்னும் வைத்த கண்ணாடிப் பெட்டியைக் கடந்தாக வேண்டும். டீயை வாங்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் சரியாக முழங்கை உயரத்தில் பிஸ்கட் ஜாடிகள். சூடு ஆறும்வரை டம்ளரை வைக்க அந்த ஜாடிகளுக்கு நடுவில்தான் இடம். எடுத்துத் தின்றுவிட்டுக் கடைசியில் கணக்குச் சொன்னால் போதும். ஒரு டீக்கு வந்தவர் டீயோடு மட்டும் திரும்புவது இங்கே அபூர்வம். முன்பு சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவார்கள், செல்பேசியில் பணம் கட்டத் தொடங்கிய பிறகு அது மட்டும் ஒழிந்தது.

அடுத்த முறை எடுத்த சர்க்கரைப் பரிசோதனைக்குப் பிறகு மகள் என்னை அழைத்தார். அலமாரிக்குள் இருந்த மிக்சர் அப்படியே இருக்கிறது, சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். சமையலறை வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல, மருத்துவரிடம் போகச் சொன்னேன், போனார்கள். பெரியவர் தின்னக்கூடியது எது, எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் என் வேலை வந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நாலு எட்டு நடந்தால் எட்டும் உயரத்தில், தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ச் சுவரில், ஓர் இழுப்பறை. மற்றவர்கள் திறக்கக் கூடாது, அவருடையது. காலையில் மகள் அதில் பொரிகடலையோ வேகவைத்த பச்சைப்பயிறோ அன்றைய அளவுக்கு வைத்துவிடுவார். எப்போது தின்பது என்பது பெரியவர் பாடு. பேக்கரிக்கு இன்னும் போகிறார், மகளும் உடன் போகிறார், சர்க்கரை போடாத டீ மட்டும் என்று பேச்சு.

மேல் அலமாரியின் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றி மைக்கா ஒட்டிய கதவு மாட்டச் சொன்னார் மகள். கழற்றிய கண்ணாடிகளை வண்டியில் ஏற்றப்போனபோது பெரியவர் நிறுத்தினார். ஹாலில் அவருடைய மருந்து அலமாரிக்கு மரக்கதவு, உள்ளே இருக்கும் மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுகிறாராம். கண்ணாடியை அளவுக்கு வெட்டி அங்கே மாட்டச் சொன்னார். வெட்டுக்கூலியை அவரே கொடுத்தார்.